எப்சிபா வீட்டுப் பாறை

எங்கள் ஊரில் வீடுகள் ஓடைக்குள்தான் இருந்தன. ஒவ்வொரு வீட்டையும் ஒரு கல்லொட்டி மீன் முதுகில் தாங்கிக்கொண்டிருந்தது. விரல் நீளம்தான் இருக்கும். தாடைக்கு அடியிலுள்ள சதைவட்டத்தைப் பாறையில் பதித்து, நீரோட்டத்துக்கு முகம் கொடுத்து நிற்கும். தண்ணீர் எவ்வளவு வேகமாக வருகிறதோ அவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கும். அதனால் பெருமழைக் காலத்தில் நாங்கள் நிம்மதியாகத் தூங்குவோம்.

மேலே அணையில் மதகை அடைக்கும் நாட்களில்தான் தொல்லை. ஓட்டம் தணிந்தால், வேலை முடிந்துவிட்டதென்று மீன் பிடியை விட்டுவிடும். வீடு மெல்ல நழுவிச் சமவெளிக்குப் போய்விடும். ஆகவே மதகு திறக்கும்வரை மீனின் முகத்தில் சொம்பால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதையும் பக்கத்து வீட்டார்தான் செய்ய வேண்டும். சொந்த வீட்டுக்காரர் கையைக் கண்டால், சோறு போட வந்திருக்கிறார்கள் என்று மீன் வாயைத் திறந்துகொண்டு மேலே வந்துவிடும்.

எங்கள் மீனுக்குப் பக்கத்து வீட்டு எப்சிபா ஊற்றினாள். அவர்கள் மீனுக்கு நான். இரண்டு ஜன்னல்களுக்கும் நடுவே ஒரு முழம்தான் இடைவெளி. அவள் ஊர்வம்பெல்லாம் சொல்லுவாள். நான் கேட்டபடி ஊற்றுவேன். மதகு எப்போது திறக்குமென்று ஊரே காத்திருக்க, திறந்துவிடக் கூடாதே என்று நான் மட்டும் வேண்டிக்கொள்வேன். அவ்வளவு சந்தோஷமாக அதற்குப் பிறகு நான் எந்த வேலையும் செய்ததில்லை.

ஒருமுறை, மதகு அடைப்பதற்கு முந்தின நாள், அவள் அப்பா தங்கையா எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, நாளைக்கு எங்க மீனுக்கு ஊத்த வேண்டாம். கீழ ரைஸ் மில்லுல வேலை கெடச்சிட்டு" என்றார்.

எங்கள் ஊரில் வீடு மாறுவது அப்படித்தான். நானும் தலையாட்டினேன். மறுநாள் ஓட்டம் தணிந்ததும் சொம்பை எடுத்து ஊற்ற ஆரம்பித்துவிட்டேன். மனசு கேட்கவில்லை. தங்கையா மூட்டைகளைக் கட்டி வைத்துவிட்டு, வீடு நகரட்டுமென்று வாசலில் நின்றார். அது அசையவில்லை. நான் ஊற்றுவதைப் பார்த்தார். உள்ளே போய் மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டார்.

மத்தியானம்வரை ஊற்றினேன். எப்சிபாதான் கேட்டாள்.

"நீ ஊத்துனா நாங்க இங்கயே இருப்போம்லா?"

"ஆமா."

"எனக்கும் இங்கதான் இருக்கணும். ஆனா இந்த வேலையும் போச்சுன்னா அப்பாவுக்கு வேற கெடைக்காது."

நான் இன்னொரு சொம்பு ஊற்றினேன்.

"சொம்பைக் கீழ வையி" என்றாள்.

வைத்தேன். மீன் பிடியை விட்டது. கொடியில் காய்ந்த துணிகளோடு, ஒரு குலுக்கல்கூட இல்லாமல் வீடு கிளம்பியது. கை எட்டும்வரை எப்சிபா எங்கள் மீனுக்கு ஊற்றிக்கொண்டே போனாள். அதன் பிறகு எதிர் வீட்டுக்காரர் வந்து ஊற்றினார்.

இப்போதும் மதகு அடைக்கும் நாட்களில் எப்சிபா வீடு இருந்த வெறும் பாறைக்குத் தண்ணீர் ஊற்றிவருகிறேன். கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. சில வருஷம் கழித்துப் பாறையில் ஒரு வாசற்படி வந்தது. பிறகு சுவர்கள். போன மாதம் ஜன்னலும் வந்துவிட்டது, இன்னும் திறக்கவில்லை. உள்ளே தங்கையா தொண்டையைச் செருமுவது மட்டும் கேட்கிறது. மற்றவர்கள் வர இன்னும் கொஞ்சம் ஊற்ற வேண்டும்.