கண்ணாடி போட்ட வெண்பா

பழைய தினசரியில் சுற்றிய கண்ணாடிச் சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு கல்யாணப் பந்தலின் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார் தமிழாசிரியர் காசிநாதன். உள்ளே அவர் எழுதிய வாழ்த்து வெண்பா. எண்பத்தைந்தாம் வருஷத்துச் சின்னசேலம் சுற்றுவட்டாரத்தில் அவருடைய வாழ்த்துப்பா இல்லாமல் ஒரு கல்யாணம் நடந்தது கிடையாது. மாப்பிள்ளை பேர், பெண் பேர், ஊர்ப் பேர் சொன்னால் போதும். எந்தப் பேரையும் எந்தச் சீருக்குள்ளும் அடக்கிவிடுவார். மனுஷன் ஊருக்கு அடங்கியதும் அப்படித்தான். தலையை ஆட்டி ஆட்டியே உங்களுக்கு வழுக்கை விழுந்தது என்று மனைவி ரங்கம்மாள் சொல்வாள்.

இன்றைக்கு அந்தத் தலை அவ்வளவு சுலபமாக ஆடவில்லை. பெண் கொளஞ்சியம்மாள் அவரிடம் பத்தாவது படிக்கிறவள். மாப்பிள்ளை தனசேகரனுக்கு முப்பத்தாறு; முதல் தாரம் போய் ஆறு மாதம்கூட ஆகவில்லை. மாப்பிள்ளையின் அண்ணன் பொன்னுரங்கம்தான் காசிநாதன் குடியிருக்கும் வீட்டுக்குச் சொந்தக்காரர். அதுவாவது போகட்டும். நாலு வருஷம் முன்பு கரியாலூர் மலைக்கு மாற்றலாகி, அந்தக் குளிரில் ரங்கம்மாள் இழுப்பு வந்து பிழைப்பாளா மாட்டாளா என்று கிடந்தபோது, யார் யாரையோ பிடித்து அவர்களைக் கீழே கொண்டுவந்தவரும் அவர்தான். "எறக்கத் தெரிஞ்சவனுக்கு ஏத்தவும் தெரியும் அய்யா" என்று வெற்றிலை மென்றுகொண்டே ஒருநாள் விளையாட்டாகச் சொன்னார். அந்த விளையாட்டு காசிநாதனுக்கு இன்னும் தூக்கத்தில் கேட்கும்.

போன வாரம் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் கொளஞ்சி வந்து நின்றாள். வகுப்பிலேயே அவள் ஒருத்திக்குத்தான் செய்யுள் கணக்கு பிடிபட்டது. சீருக்குச் சீர் ஒட்டுகிறதா என்று கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தொட்டுத் தொட்டுத் தளை பார்ப்பாள். ஒருமுறை கரும்பலகையில் அவர் எழுதியதையே, "அய்யா, காய்க்கு அப்புறம் நிரை வந்துக்கினு இருக்குது" என்று தப்பைப் பிடித்தவள். அன்றைக்கு அந்த விரல் எதையும் தொடவில்லை.

"எனுக்குப் பரீட்ச எழுதணும் அய்யா. எங்கப்பா பொன்னுரங்கம் மாமா நெலத்துலதான் ஏர் ஓட்டிக்கினு இருக்குறாரு, வாயத் தொறக்க மாட்டாரு. நீங்க ஒரு வார்த்த சொன்னா அவுரு கேப்பாரு."

"பாக்கலாம்மா" என்றார்.

பார்க்கத்தான் செய்தார். தாசில்தாருக்கு எழுத ஒரு தபால் கார்டு வாங்கி, 'ஐயா, என் மாணவிக்கு வயது பதினைந்து முடியவில்லை' என்று ஆரம்பித்தார். எதுகையும் இல்லாமல் மோனையும் இல்லாமல் அந்த வரி அம்மணமாக நின்றது. அதற்குமேல் பேனா நகரவில்லை. கார்டின் மிச்ச இடத்திலேயே வெண்பாவை எழுதினார், பேனா எங்கேயும் நிற்கவில்லை. சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று, பாட்டில் சொன்னால் யார் என்ன செய்துவிட முடியும் என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார். வழக்கமாகத் தாலி ஏறிய பிறகுதான் படிப்பது. இந்த முறை முன்னாலேயே படிக்கிறேன் என்று கேட்டு வாங்கியிருந்தார். பந்தலில் ஒருத்தனாவது எழுந்து கேட்க மாட்டானா?

மைக்கைப் பிடித்தார். முதல் இரண்டடியில் ஊரும் பேரும் ஒழுங்காகப் போயின. அடுத்த இரண்டடிக்குக் குரலை உயர்த்தினார்.

"மூவைந் தகவை முடியாத பிள்ளைக்குப்
பூவைத்தல் என்ன பொருள்."

கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. மூவையும் பூவையும் ஒட்டிக்கொண்ட அழகில் மூவைந்து எத்தனை என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. பிள்ளை, பூ, பொருள் என்று காதில் விழுந்தால் கல்யாண வீட்டில் வேறென்ன வேண்டும்? கணக்கு வாத்தியார் முனியன்கூடக் கைதட்டினார்.

பொன்னுரங்கம் எழுந்து வந்து அவருக்குத் துண்டு போர்த்தினார். "இன்னா எதுகை, இன்னா எதுகை! இன்னொரு தபா படிங்க அய்யா, ஜனங்க ஆசப்படுறாங்க."

மணையில் மாலைக்கு அடியில் விரல்களைத் தொட்டுக்கொண்டே வந்த கொளஞ்சியின் கட்டைவிரல் நடுவில் அப்படியே நின்றிருந்தது. அவரைப் பார்த்தாள். மைக் அவர் கையில்தான் இருந்தது. இந்தப் பெண்ணுக்குப் பதினைந்து முடியவில்லை. நாலே சொல். தொண்டைவரை வந்துவிட்டது. வாயைத் திறந்தார், வந்தது பழைய ராகம். இரண்டாம் முறை முன்னதைவிட நன்றாகவே விழுந்தது. பாவி மனுஷன், தன் காதுக்கே இனித்தது.

சட்டத்தைப் பெண் கையில் கொடுக்கச் சொன்னார்கள். அவள் இரண்டு கையாலும் வாங்கி நாலடியையும் படித்தாள். தளை எங்கேயும் தட்டவில்லை.

"இதானா அய்யா அந்த ஒரு வார்த்த?" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

சட்டைப்பையில் அந்தக் கார்டு இன்னும் இருந்தது. அவருக்கு அழவேண்டும் போலிருந்தது.

"அய்யா, நீங்க ஒரு பக்கம் புடிங்க, பொண்ணு ஒரு பக்கம்" என்றார் போட்டோக்காரர். "கண்ணாடியில வெளிச்சம் அடிக்குது, கொஞ்சம் சாய்ச்சிப் புடிங்க."

சாய்த்தார்கள். ஃபிளாஷ் வெட்டியது. கண்ணாடி முழுக்க வெளிச்சம் பாய்ந்து ஓர் எழுத்தும் தெரியவில்லை. போட்டோக்காரர் நகர்ந்துவிட்டார். மணையில் இருந்தபடி அவளும், குனிந்தபடி அவரும், ஆளுக்கொரு ஓரத்தை விடாமல் பிடித்திருந்தார்கள். நாதசுரக்காரர் கெட்டிமேளத்துக்குச் சீவாளியை வாயில் வைத்து ஈரமாக்கிக்கொண்டிருந்தார்.