தமிழ்ப் பட்டன்

மஹதி அதற்கு வேறு ஏதோ பெயர் வைத்திருந்தாள். ஆனால் ஆபீஸில் எல்லோரும் தமிழ்ப் பட்டன் என்றுதான் சொன்னார்கள். மெயில் புரோகிராமின் மேல்வரிசையில் 'அ' என்ற எழுத்தோடு ஒரு சின்னச் சதுரம். அதை அமுக்கிவிட்டு, ஆங்கில எழுத்துகளில் 'அம்மா' என்று தட்டினால் திரையில் தமிழிலேயே விழும். எதிர்முனையில் இருப்பவர் கம்ப்யூட்டரிலும் அந்தப் பட்டனைப் போட்டுவிட்டால் அவரும் படிக்கலாம், பதில் எழுதலாம்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம். தி. நகரில், வடக்கு உஸ்மான் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், பாத்திரக்கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் உமர் ஃபாரூக்கின் தோல் ஆடை ஏற்றுமதிக் கம்பெனி இருந்தது. மேஜைக்கு மேஜை கம்ப்யூட்டர் வந்து அதிக நாள் ஆகவில்லை. முன்பு டெலக்ஸ் மெஷினில் செய்தி அனுப்பிக்கொண்டிருந்த வெள்ளைத்துரை, காலையிலும் சாயங்காலமும் மோடத்தை டெலிபோன் லைனில் போட்டு, ஆபீஸ் மெயில்களை மொத்தமாக அனுப்பிவிட்டு, வந்ததையெல்லாம் இறக்குவார். அந்த மெயில் புரோகிராமுக்கு இங்கிலீஷைத் தவிர ஒன்றும் தெரியாது. ஆனால் வெளியாள் யாராவது ஒரு சின்னப் புரோகிராம் எழுதி அதோடு ஒட்டவைக்க அது இடம் கொடுத்தது. பிளக்-இன் என்று அதற்குப் பெயர். உதவிப் பக்கங்களின் கடைசியில் கிடந்த இந்த விஷயத்தை மஹதி தற்செயலாகத்தான் படித்தாள். படித்தவள் விடவில்லை. யாரும் கேட்காமலே, பல வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, அந்தப் பட்டனைச் செய்து முடித்தாள்.

அவளுக்கு அப்போது இருபத்துநாலு வயது. மயிலாப்பூரில் வீடு. அவள் அப்பா ராஜகோபாலன் வடக்கு மாட வீதியில் காய்கறி வாங்கும்போதுகூட, தெரிந்தவர்களை நிறுத்தி, "எங்காத்துப் பொண்ணு கம்ப்யூட்டருக்குத் தமிழ் சொல்லிக்குடுத்துட்டா" என்று சொல்லுவார். மஹதி சங்கோஜப்படுவதுபோல் கையைப் பிடித்து இழுப்பாள். உள்ளுக்குள் இனிக்கும்.

ஆபீஸில் அந்தப் பட்டனை அதிகம் உபயோகித்தவள் ஜஹீதா. மஹதிக்கு அடுத்த மேஜை. கப்பலுக்குச் சரக்கு போகும்போது வேண்டிய தஸ்தாவேஜுகளைத் தயார் செய்கிற வேலை. முப்பது வயதிருக்கும். அவள் அக்கா ஷகீலா குவைத்தில் இருந்தாள். ஷகீலாவுக்கு இங்கிலீஷ் வராது. ஊர்க்காரர் ஒருவர் குவைத்துக்குப் போனபோது, ஜஹீதா அந்தப் பிளக்-இன்னை ஃபிளாப்பியில் வாங்கிக் கொடுத்தனுப்பினாள். முதல் பதில் வந்த அன்று அவள் பண்ணின ஆர்ப்பாட்டம்!

"பாரு மஹதி, எங்க அக்கா எழுதியிருக்கா! 'என் தங்கமே'ன்னு எழுதியிருக்கா! போன்ல பேசினா மூணு நிமிஷத்துல காசு தீர்ந்துடும். இனிமே எவ்ளோ வேணும்னாலும் பேசலாம்ல?"

அந்த மாதக் கடைசியில் மானேஜர் வெங்கடரமணன் மஹதியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவரும் மயிலாப்பூர்தான். மற்றவர்களிடம் பேசுகிற பேச்சு வேறு, அவளிடம் பேசுகிறது வேறு.

"ஒக்காரு. கதவைச் சாத்து. நம்மகிட்ட சரக்கு வாங்கற இத்தாலிக்காரன் நாம சொல்றதுக்கு முன்னாடியே நம்ம வெலையச் சொல்றான். உள்ளேர்ந்துதான் யாரோ போட்டிக் கம்பெனிக்குச் சொல்லிண்டு இருக்கா. வெளில போற மெயில்ல ஒரு காப்பி எனக்கு வந்தா போறும், கண்டுபிடிச்சுடுவேன். உன் பட்டன்தான் எல்லார் மெஷின்லயும் இருக்கே. அதுக்குள்ள வைக்க முடியுமோ?"

"முடியும் சார். ஆனா எல்லாருக்கும் சொல்லணும் இல்லையா?"

"சொன்னா திருடன் எழுதுவானா? நீ நம்மாத்துப் பொண்ணு மாதிரி, அதான் உங்கிட்ட சொல்றேன். முடியாதுன்னா விடு, வெளில யாரையாவது கேக்கறேன்."

அந்தக் கடைசி வாக்கியம்தான் அவளை மாட்டிவிட்டது. அவள் செய்த பட்டனுக்குள் வேறொருவன் கை வைப்பதா? மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தவள் சாயங்கால டிபன் நேரத்துக்குள் முடித்துவிட்டாள். காப்பி போவது அனுப்பியவர் பெட்டியில் தெரியக்கூடாது. அதைத் துளித் தடயமில்லாமல் மறைத்தபோது, 'ஆஹா' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிற்பாடு அவளை அதிகம் சுட்டது இந்த ஆஹாதான். பயந்துகொண்டோ மனசில்லாமலோ செய்திருந்தால்கூட ஏதாவது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அவள் ரசித்துச் செய்திருந்தாள்.

"எழுத்துப் பிழை ஒண்ணு சரி பண்ணியிருக்கேன், புதுசு போட்டுடறேன்" என்று மேஜை மேஜையாகப் போய்ப் புதிய பிளக்-இன்னைப் போட்டாள். ஜஹீதா எழுந்து நாற்காலியைக் கொடுத்துவிட்டு, அவள் முடிக்கும்வரை பக்கத்தில் நின்று, டிபன் டப்பாவிலிருந்து ஒரு துண்டு பேரீச்சம்பழ அல்வாவை அவள் வாயில் ஊட்டினாள்.

விலையைச் சொன்னது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. தெரிந்தது வேறு.

மழைக்காலம் ஆரம்பித்த சமயம் ஜஹீதா இரண்டு நாள் லீவு கேட்டு மானேஜரின் மேஜைக்கு முன்னால் நின்றாள். அவர் அன்றைக்கு வெளிக்கூடத்தில் உட்கார்ந்து எல்லோரோடும் ஷிப்மெண்ட் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஷார்ஜாலேர்ந்து அவர் வர்றார் சார். ஏர்போர்ட் போகணும்."

வெங்கடரமணன் தலையைத் தூக்கவில்லை. வேலை மும்முரம், எரிச்சல். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார்.

"அவர்தான் அங்கேயே வேற குடித்தனம் வெச்சாச்சே. வராத மனுஷனுக்கு எதுக்கும்மா லீவு?"

ஜஹீதாவின் கை புடவைத் தலைப்பைத் தேடி எடுத்துத் தோளை மூடிக்கொண்டது, யாரோ பிடித்து இழுத்துவிட்டாற்போல. தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். கணவன் அங்கே இன்னொருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டதும், இங்கே ஜமாத்தில் பேசி ஒரு முடிவு பண்ண அந்த இரண்டு நாளில் பெரியவர்கள் அவளைக் கூப்பிட்டிருந்ததும் அவளைப் பெற்ற தாய்க்கே இன்னும் தெரியாது. அக்காவுக்கு மட்டும் எழுதியிருந்தாள். தமிழ்ப் பட்டனை அமுக்கி எழுதியிருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து மஹதியின் பக்கம் குனிந்தாள். "மஹதி, நாம அனுப்புற மெயிலை வேற யாராச்சும் படிக்க முடியுமா?"

சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. மஹதியின் நாக்கு தானாகவே அசைந்து வேறொன்றைச் சொன்னது.

"எல்லாம் துரை சார் மெஷின் வழியாத்தானே போறது..."

அதில் பொய் இல்லை. அதுதான் அதிலிருந்த அசிங்கம். ஜஹீதா எழுந்து நேராக வெள்ளைத்துரையின் மேஜைக்குப் போனாள்.

"உங்களை என்னோட அண்ணன் மாதிரி நெனச்சேன். ஒரு பொம்பளை அவ அக்காகிட்ட அழுததைப் படிச்சு மானேஜர்கிட்ட சொல்றீங்களே, வெக்கமா இல்லை?"

வெள்ளைத்துரை எழுந்து நின்றுவிட்டார். ஐம்பது தாண்டிய மனுஷன்.

"இன்னாம்மா சொல்ற? நான் இன்னாத்த படிச்சேன்? லைன் கெடைக்கிதான்னு பாத்துக்கினு குந்தினு கீறேன். எம் பொண்ணு மேல சத்தியமா எனக்குத் தெரியாதும்மா!"

"பின்னே எப்படி அவருக்குத் தெரிஞ்சது?"

அவர் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். மஹதியையும் பார்த்தார். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெங்கடரமணன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தன் ஏற்பாடு வெளியே வராமல் பழி இன்னொருவர் மேல் விழுந்தது அவருக்குச் சௌகரியமாகவே இருந்தது. மறுநாள், 'ஆபீஸில் சண்டை வேண்டாம்' என்று, வெள்ளைத்துரையைப் பல்லாவரம் கோடவுனுக்கு மாற்றினார்கள். அவர் தன் மேஜை டிராயரிலிருந்து ஒரு சீப்பையும் தைல பாட்டிலையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் இறங்கிப் போனார். நேற்றுவரை அவரிடம் வெற்றிலை வாங்கிப் போட்டவர்கள்கூட முகம் கொடுக்கவில்லை.

மஹதி சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, அப்படியே மூடிவைத்தாள். ஜஹீதா அன்றைக்கு மத்தியானமே வீட்டுக்குக் கிளம்பினாள். மஹதி பின்னாலேயே மாடிப்படியில் ஓடினாள். கீழே பாத்திரக்கடையில் லாரியிலிருந்து அண்டாக்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். காது கிழியும் சத்தம்.

"அக்கா, துரை சார் படிக்கலை" என்றாள்.

"என்னது?"

"அவர் படிக்கலை. நான்தான்... என் பட்டன்தான் காப்பி அனுப்பறது."

"கேக்கலை மஹதி, சத்தமா சொல்லு."

எத்தனையோ தடவை மனசுக்குள் மெதுவாகச் சொல்லிப் பார்த்திருந்ததை இப்போது நடுப்படியில் நின்றுகொண்டு கத்த வேண்டியிருந்தது. "உங்க மெயில் எல்லாம் மானேஜருக்கும் போறது! நான்தான் அப்படிப் பண்ணினேன்!" அண்டா இறக்கிக்கொண்டிருந்தவன்கூடத் திரும்பிப் பார்த்தான்.

ஜஹீதா அடிப்பாள், அழுவாள் என்று எதிர்பார்த்தாள் மஹதி. ஜஹீதா இரண்டும் செய்யவில்லை. "காட்டு" என்றாள்.

மேலே வந்தார்கள். மஹதி தன் கம்ப்யூட்டரில் அந்தப் பிளக்-இன்னைத் திறந்து, பக்கம் பக்கமாக ஓடிய எழுத்துகளுக்கு நடுவே ஒரு இடத்தில் விரல் வைத்தாள். ஜஹீதா குனிந்து பார்த்தாள். அவளுக்கு அதில் ஒன்றும் புரிந்திருக்காது. ஆனாலும் வெகுநேரம் பார்த்தாள்.

"இவ்ளோதானா? நாலு வரி?"

"ஆமாம்."

"இதைப் போடத்தான் அன்னிக்கு என் நாற்காலில வந்து உக்காந்தியா?"

மஹதி தலையை மட்டும் ஆட்டினாள். அல்வாவின் நினைவு வந்தது. அதை வெளியே எடுத்துவிட முடியாதா என்பதுபோல் தொண்டையைத் தடவிக்கொண்டாள்.

"துரை அண்ணன்கிட்ட நான் என்ன பேச்சுப் பேசிட்டேன்..." என்றாள் ஜஹீதா. குரல் அப்போதுதான் உடைந்தது. "என்னைப் பேச வெச்சது நீ. அதை எப்படி மஹதி நான் திருப்பி எடுப்பேன்?"

மஹதி எழுந்தாள். கூடத்தின் நடுவில் நின்று எல்லோரிடமும் சொன்னாள். ஒவ்வொருவரும் தான் எழுதியதையெல்லாம் மனசுக்குள் புரட்டிக்கொண்டிருந்தார்கள் என்று அவர்கள் முகத்தில் தெரிந்தது. யாரோ ஒரு பெண் மெதுவாக, "சீ" என்றாள்.

முதலாளி உமர் ஃபாரூக் விஷயம் கேட்டு மஹதியையும் வெங்கடரமணனையும் கூப்பிட்டார். வெங்கடரமணன், கம்பெனி நன்மைக்குத்தான் செய்தேன் என்றார். உமர் ஃபாரூக் மஹதியைப் பார்த்து, "அவர் சொன்னார், நீ செஞ்ச. அப்படித்தானே?" என்று கேட்டார்.

"இல்லை சார். அவர் கேட்டார். முடியும்னு நான்தான் சொன்னேன்."

அவர் பெருமூச்சு விட்டார். இருவரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை. வெள்ளைத்துரையைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அவர் திரும்பி வருவதற்கு முன்பே மஹதியும் ஜஹீதாவும் பல்லாவரம்வரை போய் அவரைப் பார்த்தார்கள். ஒன்றாகப் போகவில்லை, தனித்தனியாக. ஜஹீதாவிடம் அவர், "வுடும்மா, நீ இன்னா பண்ணுவ" என்றாராம். மஹதி சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "அன்னிக்கு அங்கதானே குந்தினு இருந்த?" என்று மட்டும் கேட்டார். அவள் ஆமாம் என்றாள். அவர் தோல் கட்டுகளைத் திரும்ப எண்ண ஆரம்பித்தார்.

மஹதி மேஜை மேஜையாகப் போய் அந்தப் பட்டனை எடுத்தாள். இந்தத் தடவை யாரும் நாற்காலியைக் கொடுத்துவிட்டு விலகிப் போகவில்லை. தோளுக்குப் பின்னாலேயே நின்று அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜஹீதாவின் மேஜைக்கு வந்தபோது தயங்கினாள்.

"அக்கா, அந்த நாலு வரியை எடுத்துட்டு, தமிழ் மட்டும் இருக்கிற மாதிரி உங்களுக்குப் போட்டுத் தரவா? ஷகீலாக்காவுக்கு எழுதணுமே."

ஜஹீதா யோசித்தாள். அவளுக்கு அது வேண்டியிருந்தது என்று மஹதிக்குத் தெரிந்தது. அந்த நாள்களில்தான் மற்ற எந்த நாளையும்விட அதிகமாக வேண்டியிருந்தது.

"எடுத்துட்டேன்னு நீ சொல்லுவ. அது உள்ள இல்லைன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

வார்த்தையில் கோபம் இல்லை. நிஜமாகவே கேட்டாள். எப்படித் தெரிந்துகொள்வது என்று சொல்ல மஹதிக்கும் வழி தெரியவில்லை. திரையில் அது முன்பிருந்த மாதிரியேதான் இருக்கும்; இருந்தாலும் அப்படித்தான், இல்லாவிட்டாலும் அப்படித்தான். அதை அவ்வளவு நன்றாக மறைத்தது அவளேதான்.

"எடுத்துடு" என்றாள் ஜஹீதா.

அதன்பிறகு ஜஹீதா மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், நீல நிற ஏர்மெயில் தாளைக் கையால் மறைத்துக்கொண்டு, பால்பாயிண்ட் பேனாவால் எழுதினாள். பக்கத்து மேஜையிலிருந்து மஹதி எழுந்து வெளியே போய்விடுவாள்.