என்சியோவின் சாவி

எங்கள் அலுவலகத்தில் திரையைப் பூட்டாமல் எழுந்து போனால் தண்டனை உண்டு. போனவரின் பெயரில் யாராவது குழுவுக்குச் செய்தி தட்டிவிடுவோம், நாளைக்கு எல்லாருக்கும் ஏலக்காய் பன் என் செலவு என்று. மறுநாள் அவர் வாங்கி வந்தே ஆக வேண்டும். பிப்ரவரி கடைசிச் செவ்வாய்க்கிழமை மதியக் காபிக்கு என்சியோ எழுந்து போனபோது அவர் திரை திறந்து கிடந்தது. பன் விளையாட்டு எனக்கு அலுத்துவிட்டிருந்தது. மடிக்கணினியையே அணைத்து வைத்தால் மனிதர் திரும்பி வந்து முழிப்பாரே என்று தோன்றியது. முப்பத்துநாலு வயதில் எனக்கு இருந்த புத்தி அவ்வளவுதான். கட்டளை தட்டுவதற்காக அவர் திரையில் திறந்திருந்த கறுப்பு ஜன்னலில் அணைக்கும் கட்டளையை அடித்து என்டரைத் தட்டினேன்.

மடிக்கணினி அணையவில்லை. இணைப்பு முடிந்தது என்று ஒரே ஒரு வரி வந்தது. அந்த ஜன்னல் வழியாக அவர் நானூறு கிலோமீட்டர் தள்ளி, எஸ்பூ நகரில் இருக்கும் ஒரு சர்வருக்குள் உட்கார்ந்திருந்தார். இந்த ஜன்னலில் தட்டுவது அங்கேதான் நடக்கும்; நான் அணைத்தது அந்தச் சர்வரை. எந்த இயந்திரத்தில் இருக்கிறோம் என்று ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் எழுதியிருக்கும், நான் படிக்கவில்லை. தனியாக வாழும் முதியவர்களின் கைப்பட்டையிலிருந்து வரும் உதவி அழைப்புகள் எல்லாம் அந்தச் சர்வருக்குத்தான் போகும்.

அதை மறுபடி எழுப்ப நாற்பது நிமிடம் ஆனது. அதற்குள் ஒரு கிழவி தன் சமையலறையில் விழுந்து, பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டுக் கிடந்திருக்கிறாள். இடுப்பெலும்பு முறிவு. உயிருக்கு ஆபத்தில்லை.

என்சியோ காபிக் கோப்பையோடு திரும்பியபோதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். அதற்குள் எல்லா போன்களும் அடிக்க ஆரம்பித்தன. சாயங்காலம் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். சாயங்காலம் கிழவியின் செய்தி வந்தது. அப்புறம் எனக்கு வாயே இல்லாமல் போயிற்று.

மறுநாள் எங்கள் மேலாளர் யார்க்கோ எங்கள் இருவரையும் கூப்பிட்டுச் சர்வரின் பதிவைக் காட்டினார். எங்கள் ஒவ்வொருவருக்கும் கணினியில் தனிச் சாவி உண்டு. அதைப் பார்த்துத்தான் சர்வர் உள்ளே விடும், யாருடைய சாவி என்று குறித்தும் வைக்கும். கடவுச்சொல்லைத் திருடலாம், சாவி பொய் சொல்லாது என்று இருபது வருடமாக அலுவலகத்தில் ஓதி வந்தவரே என்சியோதான். பதிவில் இருந்தது அவர் சாவி. நேரம் மதியம் இரண்டு மணி ஆறு நிமிடம்.

என்சியோ இரண்டு தரம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“நீங்க அப்போ காபிக்குப் போயிருந்தீங்கன்னு நெனச்சேன்,” என்றார் யார்க்கோ.

“நானும் அப்படித்தான் நெனச்சேன். ஞாபகமே இல்ல. ஆனா சாவி என்னோடது. அப்போ நான்தான் பண்ணியிருக்கணும்.”

பிறகு, தன் அப்பாவுக்கும் இதே ஐம்பத்தெட்டு வயதில்தான் மறதி ஆரம்பித்தது என்று மேசையைப் பார்த்துச் சொன்னார். இனித் தன்னை எந்தச் சர்வருக்குள்ளும் விட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். சாவியை நீக்கும் வேலை எனக்கு வந்தது. இருபத்தேழு சர்வர்கள். ஒவ்வொன்றிலும் அவர் சாவிக்கான வரியைத் தேடி அழித்தேன். முடிந்ததும் அவர் தன் இடத்திலிருந்து உள்ளே போக முயன்றார். அனுமதி மறுக்கப்பட்டது என்று வந்தது. சரியாகச் செய்திருக்கிறாய் என்று என்னைப் பாராட்டினார். அன்றைக்கு என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. அதையும் செய்யவில்லை.

கார் ஓட்டுவதையும் அவர் விட்டுவிட்டார். ஞாபகமறதி மருத்துவரிடம் நானே கூட்டிப் போகிறேன் என்றேன். மிர்காவுக்கு எவ்வளவு நல்ல மனசு என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள்.

வழி நெடுக அவர் பரீட்சைக்குப் போகிற பையனைப் போலப் பயிற்சி செய்தார்.

“இன்னிக்கு வியாழன். மார்ச் பதினாலு. ஊர் குவோப்பியோ.” கொஞ்சம் நிறுத்தி, “தப்பு இருந்தா சொல்லிடு மிர்கா. பாவம்னு மறைக்காத.”

“தப்பே இல்ல என்சியோ.”

நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கத் தொடங்கினார். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது. எங்கும் தடுமாறவில்லை. மருத்துவமனை வாசலில் நான் வண்டியை நிறுத்தியபோது இரண்டில் வந்து நின்றார். கீழே இறங்கி, உறைந்த தரையில் அடிமேல் அடி வைத்து என் பக்கம் வந்து, எனக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். குளிர் உள்ளே வந்தது. நான் சீட் பெல்ட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன்.