மேக்காட்டு எட்டு மரங்கள்

காங்கேயத்துக்குத் தெற்கே, வாய்க்காலின் கடைமடையில், கந்தப்பனுக்கும் சென்னியம்மாளுக்கும் ஒரு தென்னந்தோப்பு இருந்தது. மகள் ரித்திகா பிறந்த வருடம் இருவரும் சேர்ந்து நட்ட மரங்கள். அதற்கு முன் அது மழையை நம்பிக் கிடந்த மேய்ச்சல் காடு. வாய்க்கால் தண்ணீரைக் கண்டதும் சுற்றுவட்டாரமே தென்னைக்கு மாறியது; இவர்களும் மாறினார்கள். தோப்பும் வெகுகாலம் குறை வைக்கவில்லை.

பிறகு மழை தன் போக்கை மாற்றிக்கொண்டது. ஒரு பருவம் முழுக்கப் பெய்ய வேண்டியது ஒரே மத்தியானத்தில் கொட்டித் தீர்த்து, தார் ரோட்டில் செம்மண்ணாக ஓடிப்போகும். அப்புறம் மாதக்கணக்கில் வானம் வெறிச்சோடிக் கிடக்கும். வாய்க்காலில் தண்ணீர் விடுகிற முறையும் தள்ளித் தள்ளிப் போனது. கடைமடைக்கு வந்து சேர்ந்தால் கணுக்கால் நனையும், அவ்வளவுதான். கந்தப்பன் புதிதாகப் போர் போட்டுப் பார்த்தார், புழுதிதான் வந்தது. லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றிப் பார்த்தார்கள். கிணற்றில் ஊறுகிற கொஞ்சத்தையும் எல்லா மரத்துக்கும் பங்கு வைத்ததில் எந்த மரத்துக்கும் வயிறு நிறையவில்லை. குரும்பைகள் கடுகாகச் சிதறிக் கிடந்தன. மட்டைகள் குடை மடக்கியது போல மரத்தோடு ஒட்டித் தொங்கின.

மோட்டார் போட்ட சற்று நேரத்துக்கெல்லாம் தண்ணீர் தீர்ந்து காற்றை இழுக்கும். அந்தச் சத்தம் வந்தால் சென்னியம்மாள் தோட்டத்துச் சாளை வீட்டில் செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிப் போய் நிறுத்துவாள். கோடை முழுக்க இப்படி ஓடிக்கொண்டிருந்ததில், மிக்சி சத்தம் கேட்டால்கூட எழுந்து நிற்கும் பழக்கம் வந்துவிட்டது.

அடுத்து வந்த மாசி மாதம் காங்கேயத்தில் தென்னை விவசாயிகளுக்கு ஒரு கூட்டம் போட்டார்கள். போய் உட்கார்ந்து என்ன ஆகப்போகிறது என்று கந்தப்பன் வரவில்லை. சென்னியம்மாள் மட்டும் பஸ் ஏறிப் போனாள். பேசியவர் கிருபாவதி என்ற தோட்டக்கலை அலுவலர். மழை இனி பழையபடி வரும் என்று காத்திருக்க வேண்டாம், வருகிற விதத்துக்கு நாம்தான் மாறிக்கொள்ள வேண்டும் என்று அவர் சுற்றி வளைக்காமல் சொன்னார். கூட்டம் முடிந்ததும் சென்னியம்மாள் அவரிடம் போய், இத்தனை மரத்துக்கு நான் தண்ணிக்கு எங்கே போவேன் என்று கேட்டாள்.

"மரத்தப் பாத்துத் தண்ணியக் கணக்குப் போடாதீங்கம்மா," என்றார் கிருபாவதி. "கிணத்தப் பாத்து மரத்தக் கணக்குப் போடுங்க."

ஒரு வாரம் கழித்து அவரே தோட்டத்துக்கு வந்தார். கிணறு ஒரு ராத்திரியில் எவ்வளவு ஊறுகிறது என்பதைச் சென்னியம்மாள் கயிறு விட்டு அளந்து வைத்திருந்தாள். இருவரும் கிணற்று மேட்டில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்கள். இந்தத் தண்ணீர் பாதி மரத்துக்கு வரும். மீதிப் பாதியை விட்டுவிட வேண்டும். கிணற்றை ஒட்டிய கீழ்க்காடு ஆழமான மண், அதைக் காப்பாற்றலாம். மேட்டுப்புறத்து மேக்காடு சரளை. ஊற்றுகிற தண்ணீர் நிற்காது. அங்கே இருக்கிற மரங்கள்தான் போக வேண்டும்.

இதைக் கந்தப்பனிடம் எப்படிச் சொல்வது என்று சென்னியம்மாள் இரண்டு நாள் யோசித்தாள். கடைசியில் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிவிட்டாள். அவர் கை கழுவிக்கொண்டு வெளியே போனார். மறுநாள் காலை மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும்போது, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"நீ சொல்றது சரிதான் புள்ள. ஆனா வால்வ நீயே சாத்திப்போடு. என்னால ஆகாது."

அவளே போய் மேக்காட்டு வால்வைச் சாத்தினாள். சாத்திவிட்டு அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. கீழ்க்காட்டுக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டார்கள். மரத்தடியில் உரிமட்டையும் காய்ந்த ஓலையும் பரப்பினார்கள். பங்குனி வெயிலிலும் கீழ்க்காட்டுக்கு முறைப்படி தண்ணீர் போய்ச் சேர்ந்தது, மோட்டாரும் காற்றை இழுக்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் பாயில் சும்மா முதுகு சாய்த்தவள், கண் விழித்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. பகலில் தூங்கி எத்தனை வருடம் ஆயிற்று என்று அவளுக்கே நினைவில்லை.

கீழ்க்காடு மெல்லத் தெளிந்தது. குரும்பை உதிர்வது நின்றது. புதிதாக விட்ட மட்டை ஒன்று விறைப்பாக வானத்தைப் பார்த்து நிற்பதை அவள் கந்தப்பனைக் கூட்டிப்போய்க் காட்டினாள். பார்த்தார், தலையை ஆட்டினார். மகிழ்ச்சி இருந்த மாதிரிதான் தெரிந்தது. ஆனால் அவர் மட்டும் இளைத்துக்கொண்டே போனார்.

வைகாசி பாதியில் கிணறு மறுபடி ஏமாற்றத் தொடங்கியது. காலையில் கயிறு விட்டுப் பார்த்தால் அவள் கணக்குக்குத் தண்ணீர் குறைவாக இருந்தது. சில நாள் சரியாக இருக்கும், சில நாள் குறையும். கிருபாவதி சொன்ன கணக்கே தப்போ, கீழ்க்காட்டையும் இனிப் பாதியாக்க வேண்டி வருமோ என்று அவள் மறுபடி மறுபடி கயிறு விட்டுப் பார்த்தாள். எங்கேயோ குழாய் ஒழுகுகிறது என்று கந்தப்பனிடம் சொன்னாள். அணில் கடித்திருக்கும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் அவர். பார்த்ததாகவும் சொன்னார். கிணறு அப்படியேதான் இருந்தது.

சொட்டுநீர்க் குழாய் போட்டுக் கொடுத்தவர் காங்கேயத்துக் கடைக்காரர் ஷாஹுல். சென்னியம்மாள் அவருக்குப் போன் போட்டு வரச் சொன்னாள். அவர் வருகிற நாளில் கந்தப்பனுக்குப் புண்ணாக்கு வாங்கச் சந்தைக்குப் போக வேண்டிய அவசரம் வந்துவிட்டது.

ஷாஹுல் கீழ்க்காடு முழுக்க நடந்து பார்த்தார். ஒழுகல் எதுவும் இல்லை. கிணற்று மேட்டுக்குத் திரும்பி வந்து, மெயின் குழாயைச் சுற்றிப் போட்டிருந்த உரிமட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளினார். தள்ளியவர் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். மெயின் குழாயிலிருந்து புதிதாக ஒரு இணைப்பு பிரிந்தது. அதில் மாட்டியிருந்த கறுப்பு ஓஸ் மண்ணுக்கடியில் புகுந்து மேக்காட்டுப் பக்கம் போனது.

"அக்கா, இந்த இணைப்பு நம்ம கடைச் சரக்குதானுங்க," என்றார் தயங்கிக்கொண்டே. "போன மாசம் அண்ணன்தான் வந்து வாங்கிட்டுப் போனாரு. வாழைக்குன்னு சொன்னாரு."

தோட்டத்தில் வாழையே இல்லை. அறுத்துவிடட்டுமா என்று ஷாஹுல் கேட்டார். வேண்டாம் பாய், மூடி வையுங்க என்று சொல்லி, அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பினாள். பிறகு ஓஸ் போன திக்கில் நடந்தாள்.

மேக்காடு முழுக்கப் பழுப்பாகியிருந்தது. பாதி மரங்களில் கொண்டையே சாய்ந்துவிட்டது. அதன் ஓரத்தில், வண்டித்தடத்தை ஒட்டி, எட்டு மரங்கள் மட்டும் அரைகுறைப் பச்சையோடு நின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் ஈரம். எந்த மரங்கள் என்று அவளுக்குப் பார்த்த உடனே தெரிந்தது. தோப்பு வைத்த முதல் கோடையில் அந்த மூலைக்குக் குழாய் எட்டவில்லை. அவள் கைக்குழந்தையோடு இருந்தாள். கந்தப்பன்தான் கிணற்றிலிருந்து குடம் குடமாகத் தோளில் சுமந்து அந்த எட்டுக் கன்றுகளையும் பிழைக்க வைத்தார்.

அங்கே போகும்வரை கோபம் வந்துகொண்டிருந்தது. இத்தனை நாள் கயிறு விட்டுப் பார்த்து நான் பயந்தேனே, ஒரு வார்த்தை சொன்னாரா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே நடந்தாள். எட்டு மரத்தையும் பார்த்ததும் கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. உண்மையில் முதலில் வந்தது நிம்மதிதான். கிணறு ஏமாற்றவில்லை. கணக்கும் தப்பவில்லை. கீழ்க்காட்டில் ஒரு மரத்தைக்கூட விட வேண்டியதில்லை. அவள் வண்டித்தடத்திலேயே உட்கார்ந்தாள்.

சந்தையிலிருந்து வந்த கந்தப்பன் சாளையில் அவளைக் காணாமல் தேடிக்கொண்டு மேக்காட்டுக்கே வந்துவிட்டார். அவள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்பதைக் கண்டதும் நின்றார். பிறகு மெல்ல வந்து, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

"பாய் கண்டுபிடிச்சுட்டாரா புள்ள?"

"கண்டுபிடிச்சுட்டாருங்க."

கந்தப்பன் பெரிதாக மூச்சு விட்டார். "நீ கோயிலுக்குப் போறப்பவும், கடைக்குப் போறப்பவும் தொறந்து விட்டேன். நீ பஸ்ஸுல இருந்து எறங்கி வாரதப் பாத்தா நெஞ்சு படபடன்னு அடிக்கும். இந்த வயசுல இது ஒரு பொழப்பா புள்ள? நீ எப்படா கண்டுபிடிப்பேன்னு ஆயிப்போச்சு."

"நாங் கண்டுபிடிக்கோணுமா? நீங்களே சொல்லிப்போட்டிருக்கலாமல்லங்க."

"சொன்னா நீ நிறுத்தச் சொல்லுவே."

அவள் எட்டு மரங்களையும் ஒருமுறை பார்த்தாள். இவரை நிறுத்தச் சொல்வது சுலபம். சொன்னால் கேட்டுக்கொள்வார். ஆனால் அப்புறம் அந்த எட்டும் அவள் கொன்றதாகிவிடும். காலம் பூராவும் அது இருவருக்கும் நடுவில் நிற்கும்.

"நிறுத்தச் சொல்லலீங்க," என்றாள். "எட்டு மரத்துக்குத் தண்ணி உடோணும்னா உடுங்க. நானே ஒழுங்காக் குழாய் போடச் சொல்றேன். ஆனா அதுக்குப் பதிலாக் கீழ்க்காட்டுல எட்டு மரத்துக்குத் தண்ணிய நிறுத்திப்போடுங்க. எந்த எட்டுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க."

இது அவர் எதிர்பார்க்காத பேச்சு. நிஜமாகத்தான் சொல்கிறாளா என்று பார்த்தார். நிஜமாகத்தான் சொன்னாள். அவர் எழுந்து கீழ்க்காட்டுக்குப் போனார்.

சென்னியம்மாள் சாளைக்குத் திரும்பி மாட்டுக்குத் தீனி போட்டாள். அங்கிருந்து பார்த்தால் கீழ்க்காட்டு வரிசைகளுக்கு நடுவே அவர் வெள்ளை வேட்டி தெரிந்தது. ஒரு மரத்தடியில் நிற்பார். அண்ணாந்து பார்ப்பார். தண்டைத் தட்டுவார். அடுத்ததற்குப் போவார். ஓரத்தில் கோணலாக வளர்ந்த ஒரு மரத்திடம் வெகுநேரம் நின்றார். அதுதான் முதல் மரமாக இருக்கும் என்று அவள் நினைத்தாள். அதையும் விட்டு நகர்ந்தார். பொழுது இறங்கும்வரை இப்படியே நடந்தது.

திரும்பி வந்தவர் வாசல் கல்லில் உட்கார்ந்து ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார்.

"அந்தக் கோணமரத்துலகூடப் புதுசாப் பாளை வெடிச்சிருக்குது," என்றார். "எல்லாம் காய்க்கிறேன் காய்க்கிறேன்னு நிக்குது. இதுல எதப் புடிச்சு வேண்டாம்னு சொல்றது?"

சென்னியம்மாள் காலிச் சொம்பைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"உனக்கும் இப்படித்தான இருந்திருக்கும். பாதிக் காட்டுக்கு வால்வச் சாத்தறப்ப. நான் உன்னத் தனியாப் போகச் சொல்லிப்போட்டேன்."

அதைச் சொன்ன பிறகு அவர் உட்கார்ந்திருக்கவில்லை. ஸ்பானரை எடுத்துக்கொண்டு கிணற்று மேட்டுக்குப் போனார். இந்த முறை அவளும் கூடவே போனாள். வெளிச்சம் இருக்கும்போதே இணைப்பைக் கழற்றி, அந்த இடத்தில் மூடி போட்டு இறுக்கினார். பிறகு இருவருமாக ஓஸை மண்ணிலிருந்து உருவிச் சுருட்டினார்கள். நீளமான ஓஸ். உருவ உருவ வந்துகொண்டே இருந்தது. இவ்வளவு தூரம் எப்போது தோண்டிப் புதைத்தீர்கள் என்று அவள் கேட்க, நீ ரித்திகா ஊட்டுக்குப் போயிருந்த அன்னிக்கு என்று அவர் சொல்ல, இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சுருட்டி முடிக்கும்வரை சிரித்துக்கொண்டிருந்தார்கள். அன்றிரவு கந்தப்பன் இன்னும் இரண்டு கரண்டி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஆடி பிறப்பதற்குள் அந்த எட்டையும் சேர்த்து மேக்காட்டு மரங்களை வெட்டி எடுத்தார்கள். கடைசி லோடு போகிறபோது கந்தப்பன் வண்டித்தடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கஷ்டமாக இருக்கும் என்று நினைத்து அவளும் பக்கத்தில் போய் நின்றாள். "காடு அகலமாத் தெரியுதல்ல," என்று மட்டும் சொன்னார்.

கிருபாவதி மறுபடி வந்து பார்த்து, அந்தச் சரிவில் குறுக்கும் நெடுக்குமாக வரப்பு போடச் சொன்னார். கிணற்றுக்கு மேலே ஒரு குழி வெட்டிக் கல்லும் மணலும் நிரப்பி, ஓடுகிற மழைத்தண்ணீர் அதில் இறங்கும்படி செய்யவும் வழி காட்டினார். மீதி இடத்தில் கொழுக்கட்டைப் புல் விதைத்தார்கள். அந்தப் பக்கத்தில் கொறங்காடு என்று சொல்கிற மேய்ச்சல் காடு. ஒரு மழை விழுந்தால் போதும், புல் எழுந்துகொள்ளும்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் எப்போதும்போல மொத்தமாகக் கொட்டியது. குடை பிடித்துக்கொண்டு இருவரும் மேக்காட்டு வரப்பில் நின்றார்கள். தார் ரோட்டுக்கு ஓட வேண்டிய தண்ணீர் வரப்புக்கு வரப்பு தேங்கி, சுழித்து, குழிக்குள் இறங்கியது. பக்கத்துத் தோட்டத்துத் தனபால் ஓடிவந்து, எங்க பக்கம் பூராவும் ரோட்டுக்குப் போவுதுங்க, இங்க ஒரு சொட்டு வெளிய போகல என்று ஆச்சரியப்பட்டார். மறுவாரமே அவரும் வரப்பு போட மண்வெட்டி ஆட்களைக் கூப்பிட்டார். கார்த்திகையில் மேக்காட்டில் முழங்கால் உயரம் புல் நின்றது. மார்கழிக்குள் கந்தப்பன் அதில் மேய ஒரு காங்கேயம் கிடாரிக் கன்றும் வாங்கிவிட்டார்.

அடுத்த சித்திரையில் இருவரும் பீளமேட்டுக்கு மகள் வீட்டுக்குப் போனார்கள். இத்தனை கோடைகளில் இரண்டு பேரும் ஒன்றாக ஊரை விட்டுக் கிளம்பியதே கிடையாது. எப்போது கரண்ட் வருமோ என்று யாராவது ஒருவர் மோட்டாரோடு கிடப்பார்கள். இந்த முறை மாட்டுக்கு மட்டும் தனபாலிடம் சொல்லிவிட்டு, சாளையைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். ரித்திகாவின் வீடு நான்காவது மாடியில் இருந்தது. கந்தப்பன் பால்கனியில் நாற்காலி போட்டு, விமானம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் சென்னியம்மாள் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, நாளைக்கும் இருந்துட்டுப் போலாமுங்களா?"

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இருப்பமே. அங்க என்ன அவசரம்."

அவள் மடித்த சேலையைப் பையிலிருந்து வெளியே எடுத்தாள்.