மின்னுவின் தபசு காலம்

நேர்ச்சை வைப்பது கிளாராவுக்குப் புதிதல்ல. ஆனால் ஒரு கிளியையும் சேர்த்து நேர்ச்சையில் உட்கார வைத்தது அந்த வருடம்தான். சாம்பல் புதனன்று கோயிலிலிருந்து வந்தவள், நெற்றிச் சாம்பலைக்கூடத் துடைக்காமல் ஃபிரிட்ஜைத் திறந்து, உள்ளே இருந்த ஏழு முட்டைகளையும் எடுத்துப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாள். தபசு காலம் முடிந்து ஈஸ்டர் வரும் வரைக்கும் இந்த வீட்டில் இறைச்சி கிடையாது, முட்டை கிடையாது, பால் கிடையாது. குவைத்தில் இருக்கும் மகள் ஷிபாவுக்கு அப்போது மூன்றாம் மாதம். இதற்கு முன் இரண்டு முறை பிள்ளை தங்காமல் போயிருந்தது. இந்த முறை தங்க வேண்டும், அவ்வளவுதான் கிளாராவின் வேண்டுதல்.

கணவர் கபிரியேலுக்கு இதில் பெரிய நஷ்டமில்லை. இனயம் கடற்கரைக்காரருக்கு மீன் இருந்தால் போதும், மீனை அவள் விலக்கவில்லை. நஷ்டமெல்லாம் மின்னுவுக்குத்தான். மின்னு ஷிபா வளர்த்த காக்கட்டீல் கிளி. சாம்பல் உடம்பு, மஞ்சள் கொண்டை, கன்னம் இரண்டிலும் ஆரஞ்சுப் பொட்டு. மூன்று வருடத்துக்கு முன் ஷிபா குவைத்துக்கு விமானம் ஏறியபோது கூண்டோடு ஒரு தாளையும் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். காலையில் தினை, நடுவில் முருங்கையிலையும் துருவின கேரட்டும், வாரத்தில் மூன்று நாள் அவித்த முட்டை. கிளாரா தன் பிரஷர் மாத்திரையை மறப்பாள், அந்தத் தாளில் உள்ளதை மறக்க மாட்டாள்.

அந்தத் தாளிலிருந்துதான் முட்டையை வெட்டினாள். கபிரியேல் கேட்டதற்கு, "ஒரே வீடு, ஒரே அடுப்பு. கிளிக்குன்னு சொல்லி முட்டைய அவிச்சா அது நேர்ச்சையா?" என்றாள். படகில் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்ததிலிருந்து வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவர் அவர். குளிக்க வைப்பதிலிருந்து கைலி மாற்றிவிடுவது வரைக்கும் எல்லாவற்றுக்கும் கிளாரா வேண்டும். அப்படிப்பட்ட மனுஷன் பெண்டாட்டியோடு எத்தனை தூரம் தர்க்கம் செய்ய முடியும்?

மூன்றாவது வாரம் மின்னு இறகு உதிர்க்க ஆரம்பித்தது. அது வருடா வருடம் உள்ளதுதான். பழைய இறகு உதிரும், புதியது முளைக்கும். கிளாராவும் கூட்டிக் கூட்டி அள்ளினாள். ஆனால் இந்த முறை முளைத்த புது இறகும் பாதியில் ஒடிந்து விழுந்தது. கழுத்தில் தோல் தெரிந்தது. பிறகு நெஞ்சு. மின்னு விசிலடிப்பதை நிறுத்திவிட்டு, கூண்டின் மூலையில் உடம்பை உப்பிக்கொண்டு உட்கார்ந்தது.

ஷிபா தினமும் மத்தியானம் வீடியோவில் கூப்பிடுவாள். "மின்னுவக் காட்டும்மா" என்பதுதான் முதல் பேச்சு. கிளாரா இரண்டு வாரம் சமாளித்தாள். தூங்குகிறது என்றாள், நெட் இல்லை என்றாள், கூண்டைக் கழுவிக் காயப்போட்டிருக்கிறேன் என்றாள். வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் எதைச் சொல்வது, எதை மறைப்பது? பொய் சொல்லவும் தெம்பு வேண்டும். கிளாராவிடம் அது கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது.

பிறகு ஆளாளுக்கு வைத்தியம். மார்த்தாண்டத்தில் பறவைக் கடை வைத்திருக்கும் செல்வதாஸ் இறகு வளர ஒரு சொட்டு மருந்து கொடுத்தான். கூடவே கணவாய் மீனின் ஓடு ஒன்றையும் எடுத்து நீட்டினான். சுண்ணாம்புச் சத்தாம், எண்பது ரூபாய். கிளாராவுக்கு அந்தச் சோர்விலும் சிரிப்பு வந்தது. "இது எங்க கரையில காலுல மிதிபட்டுக் கெடக்கு. நான் ஒரு சாக்கு கொண்டுவரட்டா?" என்று கேட்டுவிட்டு மருந்தை மட்டும் வாங்கி வந்தாள். தண்ணீரில் நாலு சொட்டு என்றிருந்ததை எட்டாக விட்டாள். மூன்று நாளில் பலன் தெரியவில்லை என்று கபிரியேல் தன் பங்குக்கு மீனெண்ணெய்ப் புட்டியைத் திறந்து, கிளியை மடியில் வைத்து நெஞ்சு முழுக்கத் தேய்த்துவிட்டார். மிச்சமிருந்த இறகும் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. வீடு முழுக்க நாற்றம் வேறு.

பெரிய வெள்ளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை காலையில், கபிரியேலுக்குக் கஞ்சியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, கூண்டைத் துணியால் மூடிக்கொண்டு குழித்துறைக்குப் பஸ் ஏறினாள். அங்கே சுனிதா என்று ஒரு கால்நடை டாக்டர் பறவையும் பார்ப்பதாகச் சொன்னார்கள். மார்த்தாண்டத்தில் நெரிசலில் பஸ் முக்கால் மணி நேரம் நின்றது. கிளாரா கூண்டை மடியில் வைத்தபடி கம்பியில் தலைசாய்த்துத் தூங்கிப் போனாள். கண்டக்டர் தட்டி எழுப்பினான்.

டாக்டர் மின்னுவைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தாள். "எண்ணெய ஆரு தேச்சது?"

"வீட்டுக்காரரு. அவருக்கு மீனெண்ணெய்தான் எல்லாத்துக்கும் மருந்து."

"இனி தேய்க்க விடாதீங்க. இளஞ்சூட்டுத் தண்ணில மெல்லக் கழுவி விடணும். இல்லன்னா குளிரு தாங்காது. செரி, என்ன தின்னக் குடுக்குதிய?"

"தினை. முருங்கெல, கேரட்டு. பெறகு இந்தச் சொட்டு மருந்து."

"சொட்டு மருந்த நிறுத்துங்க. கூடிப் போனா ஈரலுக்குக் கேடு. முட்டை?"

கிளாரா கூண்டுக் கதவைப் பார்த்தாள். "தபசு காலம்லா டாக்டர்."

"கிளிக்கா?"

"எங்க வீட்டுக்கு."

டாக்டர் சிரிக்கவில்லை. அதற்காகவே கிளாராவுக்கு அவளைப் பிடித்தது. கூண்டின் அடியில் கிடந்த ஒரு புது இறகை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். இறகின் குறுக்கே மெல்லிய கோடுகள் ஓடின. ஒரு கோட்டில் இறகு ஒடிந்திருந்தது.

"இறகு முக்காலும் புரதம்தான். முளைக்கும்போது ஆகாரம் தட்டுப்பட்டா அந்த எடத்துல இப்பிடி கோடு விழும். அங்க பலமில்ல. மொதக் கோட்டுல இருந்து எண்ணுங்க, மூணு வாரத்துக் கத இதுல இருக்கு."

"பயறு முளைகட்டிக் குடுத்தா ஆவாதா?"

"தின்னா ஆவும். தின்னுதா?"

"போட்டுப் பாத்தேன். தூக்கி வெளிய எறியுது."

"அப்ப முட்டைதான் வழி. பழகின ஆகாரம் அது. இன்னும் ஒரு வாரம் இப்பிடியே போனா இது பிழைக்கும்னு நான் சொல்ல மாட்டேன்."

திரும்பும்போது கிளாராவுக்கு உட்கார இடம் கிடைத்தும் தூக்கம் வரவில்லை. பயமாக இருந்தது. ஐந்து வாரம் கட்டிக் காத்ததை இன்று உடைத்து, நாளைக்குக் குவைத்திலிருந்து ஒரு சேதி வந்தால்? ஒரு கிளிக்காகப் பேரப்பிள்ளையைப் பணயம் வைக்க முடியுமா? அப்படியே விட்டால், மகள் பிள்ளை மாதிரி வளர்த்தது மூலையில் கிடந்து சாகும். மாதா கோயில் வந்ததும் கைகூப்பினாள். வேண்டுவதற்கு வார்த்தை ஒன்றும் வரவில்லை. அலுப்பாக இருந்தது, அதுவும் மாதாவுக்குத் தெரியாமலா இருக்கும் என்று கையை இறக்கிவிட்டாள்.

கபிரியேல் எல்லாவற்றையும் கேட்டார். கஞ்சிப் பாத்திரத்தை நகர்த்தி வைத்தார்.

"ஏட்டி, நேர்ச்சை வச்சது நீ. அது வைக்கலியே."

"தெரியாமலா இருக்கேன்?"

"பின்ன என்ன. உனக்க செபத்தக் கேக்குற ஆண்டவரு, அதுக்க பசியக் கேக்காமலா இருப்பாரு?"

கிளாரா கடைக்குப் போனாள். ஒற்றை முட்டை கேட்க வெட்கமாக இருந்ததால் இரண்டாகக் கேட்டாள். கடைக்காரி குளோரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். தபசு வெள்ளிக்கிழமையில், அதுவும் கிளாரா, அதுவும் முட்டை.

"ஆருக்குக்கா?"

"கிளிக்கு."

"ஓ, கிளிக்கு" என்றாள் குளோரி. மாலையில் கோயிலில் சிலுவைப்பாதைக்குக் கூட்டம் சேரும்போது ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். கிளாராவுக்கு அதைப் பற்றி யோசிக்கவும் சக்தி இல்லை.

முதலில் மின்னுவைக் கழுவித் துடைத்து, வெயில் விழும் இடத்தில் வைத்தாள். பிறகு அடுப்பில் தண்ணீர் வைத்து, சிலுவை போட்டுக்கொண்டு இரண்டு முட்டைகளையும் உள்ளே விட்டாள். தண்ணீர் கொதிக்கும்வரை அங்கேயே நின்றாள். திருடுகிறவளைப் போல் வாசலைப் பார்த்துக்கொண்டாள். ஒன்றை உரித்து, மசித்து, கிண்ணத்தில் போட்டுக் கூண்டுக்குள் வைத்தாள். மின்னு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு ஒரு கொத்து. இன்னொரு கொத்து. அது தின்னத் தின்ன கிளாராவுக்கு நிம்மதியும் பயமும் ஒன்றாக வந்தன.

போன் அடித்தது. ஷிபா.

"அம்மா, இன்னைக்காவது மின்னுவக் காட்டு."

கிளாரா காட்டினாள். குவைத்திலிருந்து "எத்தன நாளா?" என்ற கேள்வி மட்டும் வந்தது. கிளாரா சாம்பல் புதனிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். சொட்டு மருந்து, மீனெண்ணெய், டாக்டர், முட்டை, ஒன்றும் விடவில்லை. திட்டட்டும் என்று காத்திருந்தாள்.

"கேமராவத் திருப்பு. உன்னப் பாக்கணும்."

திருப்பினாள்.

"அம்மா, நீ என்ன இப்பிடி ஆயிட்ட? கன்னமெல்லாம் ஒட்டிப்போய் கெடக்கு. என்னமும் தின்னியா?"

"கஞ்சி குடிச்சேன். ஈஸ்டருக்கு இனி ஒம்பது நாளு தானே மக்கா."

"முந்தி அந்த ரெண்டு தடவையும் நேர்ச்சை வச்சிருந்தியா?"

கிளாரா சேலைத் தலைப்பால் போன் கண்ணாடியைத் துடைத்தாள். "மொத தடவ மீன விட்டேன். ஒரு கல்யாண வீட்டுல தெரியாம மீன்சாறு பட்ட சோத்தத் தின்னுட்டேன். அடுத்த வாரம் உனக்கு அப்பிடி ஆச்சு. ரெண்டாவது தடவ செருப்பில்லாம கோட்டாறு கோயில் வரைக்கும் நடக்கேன்னு நேர்ந்தேன். தக்கலை வந்ததும் காலு வெடிச்சுப் போச்சு மக்கா. ரெத்தமா ஒழுகிச்சு. மீதிய பஸ்ல போயிட்டேன்."

"அந்த பஸ்ஸுனாலயா?"

கிளாரா யாரிடமும் சொல்லாமல் இரண்டு வருடம் சுமந்தது அது. இந்த முறை ஒரு ஓட்டையும் விடக்கூடாது என்றுதான் கிளியின் கிண்ணம் வரைக்கும் அடைத்திருந்தாள்.

ஷிபா அழுதுகொண்டே பேசினாள். "எனக்க கர்ப்பப்பைக்கு பலமில்லன்னு டாக்டரு அப்பவே சொன்னாரும்மா. இந்த தடவ தையல் போட்டிருக்கு. நீ விசாரப்படுவேன்னு நான்தான் சொல்லல. நீ பஸ்ல போனதுனால ஒண்ணும் போகல. கேட்டியா? நீ எனக்க பிள்ளையக் கொல்லல."

கிளாரா சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள்.

"அவிச்ச முட்டை மிச்சம் இருக்கா?"

"ஒண்ணு இருக்கு."

"எடுத்துத் தின்னு. நான் பாத்துட்டு இருக்கேன்."

"நேர்ச்சை மக்கா..."

"தின்னும்மா. தின்னுட்டு எனக்காக செபம் பண்ணு."

கிளாரா முட்டையை உரித்தாள். ஓடு பிசிறு பிசிறாகத்தான் வந்தது. உப்பு எடுக்க எழவில்லை. முதல் கடியை விழுங்கும்போது அழுகையும் வந்தது. ஷிபா பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா கடைசித் துண்டையும் தின்று முடிக்கும்வரை அவள் போனை வைக்கவில்லை.