ஈரக் கோட்டுப் பிள்ளைகள்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் குட்ரூன் என்ற நர்ஸ் வீட்டுக்கு வருவார், வேண்டாமென்றால் ஃபோன் செய்யுங்கள் என்று நகராட்சிக் கடிதத்தில் இருந்தது. வயதாகித் தனியாக இருப்பவர்களுக்கு எங்கள் கடலோர ஊரான லெம்வியில் அப்படியொரு கடிதம் வரும். உடம்பு கெடுவதற்கு முன்பே வந்து பேசிப் பார்த்துவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான். தனியாக வாழ்ந்த கிழவர் ஹோல்கர் அதை மூன்று முறை படித்தார்.

சில மாதங்களாக அவர் முன்னறையில் மூன்று பிள்ளைகள் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். பட்டப்பகலில், ஈரக் கோட்டோடு, வாய் திறக்காமல். அவர் எழுந்தால் மூன்று தலைகளும் திரும்பும். யார் வீட்டுப் பிள்ளைகள் என்று தெரியாது. தொட்டுப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை. நாற்பது வருடம் மீன்பிடிப் படகுகளின் எஞ்சின்களைக் கழற்றி மாட்டியவர், சொந்த வீட்டில் சுவரோரமாக நடந்தார்.

அதைவிடப் பெரிய பயம் வேறு. அவர் மனைவி எல்ஸே நினைவு தப்பி முதியோர் இல்லத்தில் மூன்று வருடம் இருந்துதான் இறந்தாள். கடைசியில் அவரைக் காட்டியே, "இந்த ஆள வெளிய அனுப்புங்க" என்றாள். பிள்ளைகளைப் பற்றிச் சொன்னால் தன்னையும் அங்கேதான் கொண்டுபோவார்கள். வர வேண்டாமென்றாலோ சந்தேகப்படுவார்கள்.

ஆகவே தயாரானார். முகம் மழித்தார், பாதாம் கேக் வாங்கினார், நினைவைச் சோதித்தால் சொல்வதற்காக மாதங்களைத் தலைகீழாகச் சொல்லிப் பழகினார்.

குட்ரூனுக்கு ஐம்பது வயதிருக்கும். வாசலில் காலணியைக் கழற்றிக்கொண்டே, "எப்படி இருக்கீங்க ஹோல்கர்?" என்றாள்.

"இன்னிக்கு செவ்வாய். பிப்ரவரி பதினொண்ணு."

"அத நான் கேக்கவே இல்லையே" என்று சிரித்தாள்.

முன்னறைக்கு வந்து ஜன்னலோர நாற்காலியை இழுத்தாள். அதில் மூன்று பிள்ளைகளில் சின்னவள் உட்கார்ந்திருந்தாள். குட்ரூன் உட்காரப் போனதும் அந்தக் குழந்தை முகத்தை நிமிர்த்தி ஹோல்கரைப் பார்த்தது.

"அங்க உக்காராதீங்க" என்றார். குரல் கிறீச்சிட்டது.

குட்ரூன் அப்படியே நின்றாள். நாற்காலியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு சாதாரணமாக, "யாரு இருக்கா அதுல?" என்று கேட்டாள்.

ஹோல்கர் மேசையைப் பிடித்துக்கொண்டு, "என்ன முதியோர் இல்லத்துக்கு அனுப்பிடாதீங்க" என்றார். அதன்பின் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

அவர் முடித்ததும் அவள் கேட்டாள். "எப்பலேருந்து வர்றாங்க?"

"நவம்பர்லேருந்து."

"அப்ப புதுசா ஏதாச்சும் மாத்திரை ஆரம்பிச்சீங்களா? எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க."

மாத்திரைகளை அவை இருந்த ரொட்டி டப்பாவோடு கொண்டுவந்து கவிழ்த்தார். அவள் ஒவ்வொரு பெட்டியாகத் திருப்பி, பொடி எழுத்தைப் படித்து, இரண்டை மட்டும் தனியே வைத்தாள். ஒன்று அவருடைய டாக்டர் அடிக்கடி சிறுநீர் போவதற்காகக் கொடுத்தது. மற்றது நவம்பரில் அதே தொல்லைக்கு ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தது.

"பேரு வேற, மருந்து ஒண்ணு. ரெண்டையும் முழுங்கியிருக்கீங்க. இந்த வயசுல இது அதிகமானா இல்லாத ஆளெல்லாம் கண்ணுக்குத் தெரியும்."

"அப்ப எனக்கு எல்ஸேக்கு வந்தது இல்லையா?"

"அத நான் சொல்ல முடியாது. டாக்டர் சொல்லணும்."

அங்கேயே டாக்டருக்கு ஃபோன் செய்தாள். ஒரு பெட்டியை இன்றோடு நிறுத்தச் சொன்னார் அவர், நாளையே ரத்தப் பரிசோதனைக்கு வரவும் சொன்னார். குட்ரூன் வெள்ளிக்கிழமை மறுபடி வருவதாகச் சொல்லிக் கிளம்பினாள். கதவு சாத்தியதும் பிள்ளைகள் மூவரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மருந்துதான் என்று தெரிந்தும் அன்று சமையலறையிலேயே நின்றபடி சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை ஒருத்திதான் இருந்தாள். அடுத்த புதன்கிழமை யாரும் இல்லை. மாத முடிவில் டாக்டர் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டு, நினைவில் கோளாறு தெரியவில்லை, வருடம் ஒருமுறை பார்ப்போம் என்றார். வெளியே வந்து காருக்குள் உட்கார்ந்து ஹோல்கர் அழுதார்.

சீட்டாட்டக் கூட்டாளி ஆக்ஸெலிடம் மட்டும் இதைச் சொன்னார்.

"நீ முந்தியே கொஞ்சம் கழண்ட கேஸ்தானேப்பா" என்று ஆக்ஸெல் சிரித்தார். சீட்டைக் கலைத்துப் போட்டார். இரண்டு ஆட்டம் முடிந்த பிறகு, தலையைத் தூக்காமலே கேட்டார்.

"அந்த நர்ஸம்மா நம்பர் இருக்கா ஒங்கிட்ட?"