கைக்கு வருவது

பொருளாதார ஆய்வு மையத்தில் எல்லோரும் அவளைச் சல்லடை என்றுதான் கூப்பிட்டார்கள். வீடு வீடாகப் போய் எழுதிக்கொண்டு வரும் வருமானக் கணக்குகளில் உள்ள தவறுகளைச் சலித்தெடுப்பது அவள் வேலை. பிடித்தம் எதுவும் போகாத சம்பளம் மொத்த வருமானம். வரி, காப்பீடு, சேமநிதி எல்லாம் போக மிஞ்சுவது நிகர வருமானம். முதல் எண்ணைவிட இரண்டாவது எண் பெரிதாக இருக்கவே முடியாது. ஆனாலும் ஜனங்கள் மாற்றிச் சொல்லிவிடுவார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடி, தொலைபேசியில் கூப்பிட்டுத் திருத்துவாள்.

அந்த ஓய்வூதியக்காரரின் கணக்கு இப்படித்தான் அவள் மேசைக்கு வந்தது. மனைவியை இழந்து தனியாக இருப்பவர். ஒரே மகள் வேறு நாட்டில். அவர் சொன்ன கணக்குப்படி, பிடித்தம் போன பிறகு ஓய்வூதியம் கூடியிருந்தது.

"சார், மொத்தம்னா பிடிக்கிறதுக்கு முன்னாடி. நிகரம்னா உங்க கைக்கு வர்றது" என்று போனில் விளக்கினாள்.

"அதாவது, கைக்கு வர்றதுதானே மொத்தம்?"

"இல்ல சார். திரும்பச் சொல்றேன்."

திரும்பவும் சொன்னாள். அவர் நடுநடுவே வேறு எதையெதையோ கேட்டார். ஆபீஸ் எத்தனை மணிக்கு விடும், சமையல் நீங்களேதானா, தனி ஆளுக்குச் சமைக்கிறது பெரிய ரோதனை இல்லையா என்று. அவளும் பதில் சொன்னாள். போனை வைத்த பிறகுதான், அந்த வாரம் முழுவதும் தான் யாரிடமும் இவ்வளவு நேரம் பேசவில்லை என்பது உறைத்தது. அவளுக்கும் ஒரு தம்பி இருந்தான். எப்போது கூப்பிட்டாலும் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பான்.

திருத்திய எண்கள் அடுத்த வாரம் தபாலில் வந்தன. இந்த முறையும் தலைகீழ்.

"நேர்லயே ஒரு தடவை போய்ப் பாத்துடுங்க. அப்பவும் சரியா வரலைன்னா அந்த வீட்டைப் பட்டியல்லேர்ந்து எடுத்துடலாம்" என்றார் ஆய்வுக்குழுத் தலைவர்.

மாடிக்குடியிருப்பின் கடைசி வீடு அது. கதவு திறந்தே இருந்தது. துவைத்துத் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு அவர் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். எதிரே இன்னொரு நாற்காலி. அதன் இருக்கையில் அப்போதுதான் துடைத்த ஈரம் இன்னும் காயவில்லை.

"வாங்க வாங்க. வெயில்ல அலைய வெச்சிட்டேன்."

அவள் கேள்விகளை முதலிலிருந்து ஆரம்பித்தாள். அவர் ஒவ்வொன்றுக்கும் சுற்றி வளைத்துப் பதில் சொன்னார். ஓய்வூதியத்துக்கு வந்ததும் பிடி கொடுக்காமல் நழுவினார். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு அக்கா ஒரு காகிதத்தோடு உள்ளே வந்தாள்.

"அண்ணே, என் வீட்டுக்காரருக்கு இந்த மாசம் சம்பளம் குறைஞ்சிருக்கு. எதுல பிடிச்சாங்கன்னு கொஞ்சம் பாருங்களேன்."

அவர் சம்பளச் சீட்டை வாங்கினார். கண்ணாடியைக்கூடத் தேடவில்லை.

"மொத்தத்துல குறையலம்மா. ஓவர்டைம் சேர்ந்ததுல வரி கூடியிருக்கு, அட்வான்ஸும் ஒரே தவணையா பிடிச்சிட்டாங்க. அதான் நிகரம் இறங்கிடுச்சு. அடுத்த மாசம் சரியாயிடும்."

அக்காவின் முகம் மலர்ந்தது. சல்லடையைப் பார்த்து, "இவருக்குத் தெரியாததா? ஃபாக்டரியில சம்பளப் பிரிவையே இவர்தானே பாத்துக்கிட்டார்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. சல்லடை பேனாவை மூடினாள். முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. போனில் குழந்தைக்குச் சொல்வதுபோல் விளக்கியது நினைவுக்கு வந்து காது சுட்டது.

"ஏன் சார் இப்படிப் பண்ணீங்க?"

அவர் தரையைப் பார்த்தபடியே பேசினார்.

"போன வருஷம் எல்லாத்தையும் சரியா சொன்னேம்மா. வந்த பையன் நின்னுக்கிட்டே எழுதிட்டு, தேங்க்ஸ் சார்னு போயிட்டான். ரொம்பச் சரியா சொல்லிட்டீங்கன்னு பாராட்டு வேற." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "தப்பா சொன்னா யாராவது கூப்பிடுவாங்கன்னு தோணிச்சு. நீங்க கூப்பிட்டீங்க."

அவள் பேனாவை மறுபடி திறந்தாள். சரியான எண்களைக் கேட்டாள். அவர் மளமளவென்று சொன்னார். எழுதி முடித்து எழுந்தாள்.

வழியெல்லாம் யோசித்தாள். எண்களைத் திருத்திக் கொடுத்துவிட்டால் காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிடும். ஆனால் இத்தனை வருடம் அவள் செய்துவந்த வேலை அது அல்ல. மறுநாள் தலைவரிடம் நடந்ததைச் சொன்னாள்.

அவர் பெருமூச்சு விட்டார். "பாவம்தான். ஆனா தெரிஞ்சே மாத்திச் சொன்னவர் மத்ததுல என்ன சொன்னாரோ. எடுத்துடுங்க."

அதை ஓய்வூதியக்காரருக்குத் தெரிவிப்பதும் அவள் வேலைதான். அன்றே போனில் சொன்னாள்.

"அப்போ இனிமே யாரும் வரமாட்டாங்க" என்றார். கேள்வியாகக்கூட இல்லை.

"ஆய்வுக்காக வரமாட்டாங்க சார்."

பட்டியலில் உள்ள வீடுகளோடு சொந்தப் பழக்கம் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது மையத்தின் விதி. அந்த வீடு இப்போது பட்டியலில் இல்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவள் அதை நினைத்தபடியே தன் அறையில் கிடந்தாள். மூன்றாவது ஞாயிறு, மனசு மாறுவதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

கதவைத் திறந்தவர் திகைத்து நின்றார். "இன்னும் ஏதாவது எழுதணுமா?"

"இல்ல சார். சும்மாதான் வந்தேன்."

டீ போட்டுக் கொடுத்தார். குடித்து முடித்ததும் பேச்சு வற்றிப்போனது. கேள்வி கேட்டே பழகியவள் அவள். அவருக்கோ இழுத்தடிக்க ஒரு கேள்வியும் இல்லை. வெயிலைப் பற்றி ஒரு சுற்று, தண்ணீர்க் குழாயைப் பற்றி ஒரு சுற்று. வந்திருக்கவே வேண்டாமோ என்று அவளுக்குத் தோன்றியது. எப்படி எழுந்திருப்பது என்று அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவர் தலை மெல்லச் சாய்ந்தது. தூங்கிவிட்டார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கதவைச் சாத்திவிட்டுப் போகலாம். எழுந்தாள். ஆனால் விழிக்கும்போது எதிர் நாற்காலி காலியாக இருந்தால் கனவென்று நினைத்துக்கொள்வாரோ என்று தோன்றி, மறுபடி உட்கார்ந்தாள். மின்விசிறி சுற்றியது. அவர் மூச்சு சீராக வந்து போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் ஓர் ஆள் தூங்கும் சத்தத்தை எத்தனையோ காலத்துக்குப் பிறகு கேட்டாள்.

ஜன்னல் வெளிச்சம் மஞ்சளானபோது அவர் திடுக்கிட்டு விழித்தார்.

"அடடா! எழுப்பியிருக்கலாமே. இவ்வளவு நேரம் என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல. எனக்கும் வீட்ல ஒண்ணும் வேலை இல்ல சார்."

அவர் மறுபடி டீ போட எழுந்தார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.